பாதி வயிறு, நாற்பது வருஷம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தார். பழைய ரேஷன் கார்டு, எல்ஐசி ரசீது, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் இருந்த ஒரு துணிப்பையில் நாலாக மடித்த மஞ்சள் காகிதம் ஒன்று. 1984-இல் அப்பாவுக்கு அல்சர் ஆபரேஷன் ஆனபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. மடிப்பில் கிழிந்து, பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது. ஆனால் டாக்டர் கிறுக்கலில் இரண்டு வார்த்தை மட்டும் நன்றாகத் தெரிந்தது: 'பாலியா கேஸ்ட்ரெக்டமி'.

எங்கள் வீட்டில் இந்த ஆபரேஷன் ஒரு குடும்பக் கதை. "உங்கப்பாவுக்குப் பாதி வயித்த எடுத்துட்டாங்க" என்று அம்மா சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா ஒரு நேரத்தில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட மாட்டார். கல்யாண விருந்து சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் வியர்த்து, படபடவென்று வந்து, ஓரமாகப் படுத்துவிடுவார். எல்லாம் பழகிப்போன விஷயம். யாரும் அதை ஒரு நோயாக நினைத்ததில்லை.

இப்போது அவருக்கு 78 வயது. இரண்டு வருஷமாகவே படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது. உள்ளூர் கிளினிக் ஒன்றில் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த மஞ்சள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெட்டில் தேட ஆரம்பித்தது அன்று ராத்திரி. விடியற்காலை மூன்று மணிக்குப் படித்த ஒரு வரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது: வயிற்றில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு, 20 வருஷம் கழித்து, மிச்சமிருக்கும் வயிற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் படித்ததன் சுருக்கம்தான் இந்தப் பதிவு. டிஸ்கி: நான் பி.இ. படித்த சாஃப்ட்வேர் ஆள், மருத்துவன் இல்லை. இதை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க உதவினால் போதும்.

அன்றைக்கு ஏன் வயிற்றை வெட்டினார்கள்?

1881 ஜனவரி 29. வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், வயிற்றின் கீழ்முனையில் புற்றுநோய் வந்த 43 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மிச்ச வயிற்றைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார். அதற்கு முன் பிரான்சில் பெயான், போலந்தில் ரிடிகியர் இருவரும் முயன்று நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. பில்ரோத்தின் நோயாளி ஆபரேஷனைத் தாண்டிப் பிழைத்தார். புற்று ஏற்கெனவே பரவியிருந்ததால் சுமார் நாலு மாதத்தில் இறந்துபோனார். ஆனாலும் 'வயிற்றை வெட்டித் தைக்கலாம், ஆள் உயிரோடு இருப்பார்' என்பது நிரூபணமாகிவிட்டது. அதே வருஷம் ரிடிகியர் அல்சருக்காகவும் இதைச் செய்தார்.

அல்சருக்கு ஏன்? அமிலம் இல்லாவிட்டால் புண் இல்லை என்பதுதான் அன்றைய தத்துவம். வயிற்றின் கீழ்ப்பகுதி 'கேஸ்ட்ரின்' என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன்தான் மேல்பகுதிக்கு 'அமிலம் விடு' என்று உத்தரவு போடுகிறது. கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டால் உத்தரவு போடும் ஆள் போய்விடுவார், அமிலம் குறையும், புண் ஆறும். தர்க்கம் சரிதான். நன்றாக வேலையும் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது.

தென்னிந்தியாவுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மைசூரில் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், அரிசி சாப்பிடும் தெற்கில் முன்சிறுகுடல் புண் அதிகம், கோதுமை சாப்பிடும் வடமேற்கில் குறைவு என்று தொடர்ந்து எழுதினார். நம் ஊரில் வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் வழியே தழும்பால் அடைத்துக்கொண்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும் நிலையில்தான் பலர் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது மேல் வயிற்றில் நேர்கோடாக ஒரு பழைய தழும்பு இருந்தால், பெரும்பாலும் கதை இதுதான்.

பிறகு 1976-இல் சிமெடிடின் மாத்திரை வந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். அல்சர் என்பது பெரும்பாலும் ஒரு தொற்று, மாத்திரையில் தீரும் என்று ஆனது. 2005-இல் அதற்கு நோபல் பரிசு. அல்சருக்காக வயிற்றை வெட்டுவது கிட்டத்தட்ட நின்றேபோய்விட்டது. ஆபரேஷன்தான் நின்றது, ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள்.

உள்ளே பைப் லைன் எப்படி மாறியது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சாதாரணமாக உணவு வயிற்றிலிருந்து பைலோரஸ் என்ற தசைக் கதவு வழியாக முன்சிறுகுடலுக்குப் போகிறது. அங்கேதான் கல்லீரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து செரிமான நீரும் வந்து கலக்கின்றன. அந்தக் கதவு ஒருவழிப் பாதை மாதிரி, பித்தநீர் மேலே ஏறாமல் பெருமளவு தடுக்கிறது.

கீழ்ப்பகுதியை எடுக்கும்போது கதவும் சேர்ந்து போய்விடுகிறது. மிச்சத்தை இணைக்க முக்கியமாக மூன்று வழிகள்.

முதலாவது பில்ரோத் ஒன்று. மிச்ச வயிற்றை நேராக முன்சிறுகுடலிலேயே தைப்பது. பாதை பழையதுதான், கதவு மட்டும் இல்லை.

இரண்டாவது பில்ரோத் இரண்டு. 1885-இல் வந்தது. முன்சிறுகுடலின் வாயை மூடித் தைத்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள சிறுகுடல் வளையம் ஒன்றை மேலே இழுத்து வயிற்றோடு சேர்ப்பது. 1911-இல் ஹங்கேரியின் பாலியா இதையே கொஞ்சம் மாற்றி, வெட்டிய வயிற்றின் முழு வாயையும் குடலோடு இணைத்தார். அப்பாவுக்குச் செய்தது இது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பித்தநீரும் கணையநீரும் கீழே போக வேண்டுமென்றால் அந்தத் தையல் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். வேறு வழியே கிடையாது. தினமும், வேளா வேளைக்கு, வருஷக்கணக்கில்.

மூன்றாவது ரூ முறை. சுவிட்சர்லாந்தின் செஸார் ரூ பெயரில் வழங்குவது. குடலை வெட்டி ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இணைத்து, பித்தநீர் வந்து சேரும் இடத்தை வயிற்றிலிருந்து சுமார் 40 முதல் 60 செ.மீ. தள்ளி வைத்துவிடுவார்கள். பித்தநீர் வயிற்றுக்கு வருவது மிகவும் குறைந்துவிடும்.

நம் ஊரில் வயிற்றை வெட்டாமலே, அமில நரம்பை மட்டும் துண்டித்து, வயிற்றின் பக்கவாட்டில் குடலைச் சேர்த்துவிடும் ஆபரேஷனும் ஏராளமாக நடந்தது. வீட்டில் அதையும் "வயித்த எடுத்துட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் பழைய சீட்டு முக்கியம். வாய்மொழியை நம்பி முடிவு எடுக்க முடியாது.

சளிப்படலத்தில் நடப்பது என்ன?

வயிற்றின் உட்சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 73 முறை, நாற்பது வருஷத்துக்குச் சுமார் 2900 முறை. ஒவ்வொரு முறையும் அடியிலிருக்கும் மூலச்செல் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிறது. பிரதி எடுக்கும் சூழல் நன்றாக இருந்தால் பிழை குறைவு. அப்பா மாதிரி ஆட்களுக்கு அந்தச் சூழல் மூன்று விதத்தில் மாறிவிட்டது.

ஒன்று, பித்தநீர். பித்த அமிலங்கள் ஒருவகை சோப்பு. கொழுப்பைக் கரைப்பதுதான் அவற்றின் வேலை. செல் சுவரும் கொழுப்புதான். போதாக்குறைக்கு, பித்தநீரில் இருக்கும் லெசித்தின் என்ற பொருளைக் கணைய நொதி உடைத்து லைசோலெசித்தினாக மாற்றுகிறது, அதுவும் செல் சுவரை அரிக்கும். குடலுக்கு இதைத் தாங்கும் அமைப்பு இருக்கிறது. வயிற்றுக்கு இல்லை. வயிறு அமிலத்தைத் தாங்கப் பழகிய உறுப்பு, சோப்பைத் தாங்க அல்ல.

இரண்டு, அமிலக் குறைவு. கேஸ்ட்ரின் ஹார்மோனுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மேல்வயிற்றுச் சுரப்பிகளைச் செழிப்பாக வைத்திருப்பது. அது குறைந்ததும் சுரப்பிகள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. தண்ணீர் நின்றுபோன வயல் மாதிரி.

மூன்று, பாக்டீரியா. அமிலம் என்பது வயிற்றின் காவல்காரன். அவன் அசந்தால் குடல் பாக்டீரியாக்கள் வயிற்றுக்குள் குடியேறும். அவற்றில் சில, உணவிலும் எச்சிலிலும் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து என்-நைட்ரசோ சேர்மங்கள் உண்டாகின்றன. அந்தக் குடும்பத்தில் பல, விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குபவை. மனித வயிற்றில் இந்தப் பாதை எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. பித்தநீரின் பங்குக்கு ஆதாரம் இன்னும் வலு. எலிகளுக்குப் புற்றுண்டாக்கும் ரசாயனம் எதுவும் கொடுக்காமல், பித்தநீர் வயிற்றுக்கு வரும்படி ஆபரேஷன் மட்டும் செய்து பார்த்தார்கள். கணிசமான எலிகளுக்குத் தையல் வாசலுக்குப் பக்கத்தில் புற்று வந்தது. பித்தநீரைத் திருப்பிவிட்ட எலிகளுக்குக் குறைவாகவே வந்தது.

மைக்ரோஸ்கோப்பில் இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் மேற்பரப்புக் குழிகள் நீண்டு, திருகுத் திருகாக வளரும். சுவர் வீங்கும். தையல் ஓரத்தில் சில சுரப்பிகள் அடைபட்டுச் சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாகும். சில சமயம் அவை சுவரின் ஆழத்துக்கும் போகும், அல்லது பாலிப் மாதிரிப் புடைத்து நிற்கும். அடுத்து சுரப்பிகள் அழிந்து மெலியும். அதற்கும் அடுத்து குடல் உருமாற்றம்: வயிற்றுச் செல் இருந்த இடத்தில் குடல் மாதிரியான செல்கள் முளைக்கும். சோப்பு மழையில் நனைந்து நனைந்து, 'இது வயிறு இல்லை போல, குடல் போல' என்று திசு முடிவெடுப்பது மாதிரி. இதுவே புற்று அல்ல. இதோடு வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்பவர்கள்தான் மிக அதிகம். இதைத் தாண்டி செல்களின் வடிவமும் ஒழுங்கும் கெடுவது டிஸ்பிளேசியா. அதிலும் உயர்நிலை டிஸ்பிளேசியா என்று ரிப்போர்ட் வந்தால் அதுதான் புற்றின் வாசல்படி.

அழற்சி, மெலிவு, உருமாற்றம், டிஸ்பிளேசியா, புற்று என்ற இந்தப் படிக்கட்டைச் சாதாரண வயிற்றுப் புற்றுக்காக 1975-இல் விவரித்தவர் கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரேயா. வெட்டிய வயிற்றிலும் பெரும்பாலும் அதே படிக்கட்டுதான், ஏற்றிவிடும் ஆள் வேறு. சாதாரண வயிற்றில் பைலோரி பாக்டீரியா. இங்கே பித்தநீர். பித்தநீர் அதிகமாக வரும் வயிற்றில் பைலோரியே குறைந்துபோகும் என்பது ஒரு சுவாரசியமான முரண். இன்னொன்று, எப்ஸ்டைன்-பார் வைரஸ். சாதாரண வயிற்றுப் புற்றில் பத்தில் ஒன்றில்தான் இந்த வைரஸ் இருக்கும், மிச்ச வயிற்றில் வரும் புற்றில் அதைவிடக் கணிசமாக அதிகம். ஆக, இது ஒரே காரணத்தில் அடங்கும் கதை அல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி அந்த மூன்று மணி வரிக்கு வருவோம். ஆபரேஷன் ஆன வயிற்றில் புற்று வரலாம் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டொனால்ட் பால்ஃபர் 1922-லேயே எழுதிவிட்டார். ஆனால் 'வரலாம்' வேறு, 'எவ்வளவு' வேறு.

நான் படித்ததில் மிகத் தெளிவானது லண்டன் பாலம் பகுதியிலிருந்த செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனை நோயாளிகள் பற்றியது. 1940 முதல் 1960 வரை அல்சருக்காக ஆபரேஷன் ஆன 4466 பேரைப் பின்தொடர்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். முதல் இருபது வருஷத்தில் வயிற்றுப் புற்று மரணம் பொதுமக்களைவிட அதிகமில்லை. அதற்குப் பிறகு நாலரை மடங்கு. உள்ளே இன்னும் ஒரு பிரிவு இருக்கிறது. வயிற்றிலேயே புண் வந்தவர்களுக்கு ஆரம்பம் முதலே ஆபத்து கூடுதல். முன்சிறுகுடலில் புண் வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் பொதுமக்களைவிடக் குறைவு, இருபது வருஷம் கழித்துக் கூடுகிறது. அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது: முதல் குழுவின் வயிறு ஆபரேஷனுக்கு முன்பே கெட்டுப்போனது. இரண்டாவது குழுவின் வயிறு நன்றாக இருந்தது, மாறியது ஆபரேஷனுக்குப் பிறகு.

அடுத்து ஆம்ஸ்டர்டாம். 1931 முதல் 1960 வரை ஆபரேஷன் ஆன 2633 பேர், பல பத்தாண்டுத் தொடர் கவனிப்பு. அங்கேயும் அதே வடிவம்: முதல் பதினைந்து வருஷம் அமைதி, பிறகு ஏற்றம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பில்ரோத் ஒன்றைவிட இரண்டில் ஆபத்து கூடுதல் என்றும் தெரிந்தது. பித்தநீர்க் கதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் 1983-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆல்ம்ஸ்டெட் கவுண்டி ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. ஆபரேஷன் ஆன 338 பேரில் எதிர்பார்த்த புற்று 2.6, வந்தது 2. ஆக, ஆபத்தே கூடவில்லை. இதைப் படித்ததும் எனக்கு நிம்மதிப் பெருமூச்சு. அப்புறம் புத்தி வேலை செய்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: உண்மையில் ஆபத்து இரட்டிப்பு என்றே வைத்துக்கொண்டால் 5.2 பேருக்கு வர வேண்டும். அப்படியிருந்தும் வெறும் அதிர்ஷ்டத்தால் இரண்டு அல்லது அதற்கும் குறைவாக வர எவ்வளவு வாய்ப்பு? பாய்சான் சூத்திரத்தில் போட்டால் சுமார் 11 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு தடவை. 95 சதவீத எல்லையைக் கணக்கிட்டால் இந்த ஆய்வு 2.8 மடங்கு ஆபத்தைக்கூட மறுக்க முடியாது. அதோடு 338 பேருக்கு மொத்தம் 5635 ஆள்-ஆண்டு, அதாவது சராசரி 17 வருஷத்துக்கும் குறைவு. லண்டன் கணக்குப்படி ஆபத்து ஆரம்பிப்பதே இருபதுக்குப் பிறகு! சர்வரை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'மெமரி லீக் இல்லை' என்று சான்றிதழ் கொடுப்பது மாதிரி. லீக் ராத்திரி முழுக்க ஓடினால்தான் தெரியும். இந்த ஆய்வு தப்பு என்று நான் சொல்லவில்லை. அதனிடம் இருந்த ஆட்களையும் காலத்தையும் வைத்து அது இவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 'நாலரை மடங்கு' என்று பார்த்ததும் அப்பாவுக்கு வந்தேவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மடங்கு என்பது எதன் மடங்கு என்று கேட்கவில்லை. ஒரு உதாரணக் கணக்கு: ஆயிரம் முதியவர்களில் பத்து வருஷத்தில் நாலு பேருக்கு வயிற்றுப் புற்று வரும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். நாலரை மடங்கு என்றால் 18 பேர். மீதி 982 பேருக்கு வராது. பயந்து நடுங்கவும் தேவையில்லை, அலட்சியமாக விடவும் கூடாது. சரியாக அந்த நடுவிலிருக்கும் எண் இது.

ஆம்ஸ்டர்டாம் தரவில் எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த நோயாளிகளின் ஆயுளைக் குறைத்ததில் பெரிய பங்கு புகைப்பழக்கம் தொடர்பான நோய்களுக்கு, குறிப்பாக நுரையீரல் புற்றுக்கு. அல்சர் வந்தவர்களில் புகைப்பவர்கள் அதிகம். அப்பா 1995-இல் பீடியை விட்டார். அவர் தன் உயிருக்குச் செய்த மிகப் பெரிய நல்லது எந்த எண்டோஸ்கோபியும் இல்லை, அதுதான் என்று நினைக்கிறேன்.

அல்சர் தலைமுறையோடு முடிந்துவிடுமா?

முடியாது. இன்று வயிற்றின் பகுதியை எடுப்பது பெரும்பாலும் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்காக. ஜப்பானிலும் கொரியாவிலும் சீக்கிரமே கண்டுபிடித்து, ஆபரேஷன் செய்து, பல்லாயிரம் பேர் நீண்டகாலம் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மிச்ச வயிற்றில் புற்று வருவது அல்சர்காரர்களைவிடச் சீக்கிரம் நடக்கிறது, பல சமயம் பத்து வருஷத்துக்குள்ளேயே. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்: ஒரு புற்றை வளர்த்த மண்தான் மிச்சமும். அதனால் அவர்களுக்குத் தொடர் எண்டோஸ்கோபி உண்டு, பைலோரி இருந்தால் ஒழிப்பதும் உண்டு.

உடல் பருமன் ஆபரேஷன்களில் ஒன்று, ஒற்றை இணைப்பு பைபாஸ், பில்ரோத் இரண்டு மாதிரியே வளைய இணைப்பு கொண்டது. அதில் பித்தநீர் பற்றிய கேள்வி இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அல்சர்காரர்களின் ஆபத்தை அப்படியே அவர்கள் மேல் ஏற்றிச் சொல்வது நியாயமில்லை. ஆனால் லண்டன் தரவு கற்றுத்தரும் ஒன்று அங்கும் பொருந்தும்: பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த விஷயத்தில் பதில் ஆகாது.

சரி, என்ன செய்வது?

ஒன்று. பழைய சீட்டைத் தேடி எடுங்கள். எந்த ஆபரேஷன், எந்த வருஷம், எதற்காக. புண் வயிற்றிலா, முன்சிறுகுடலிலா? எண்டோஸ்கோபி செய்பவருக்கும் உள்ளே எந்த அமைப்பு இருக்கிறது என்று முன்னாலேயே தெரிவது நல்லது.

இரண்டு. ஆபரேஷன் ஆகி 15, 20 வருஷம் தாண்டிவிட்டது என்றால் எண்டோஸ்கோபி தேவையா என்று வயிற்று நிபுணரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் வருஷாவருஷம் செய்ய வேண்டும் என்று பொது விதி கிடையாது. அமெரிக்க எண்டோஸ்கோபி வழிகாட்டுதல்கூட, கண்காணிப்பு செய்வதாக இருந்தால் 15 முதல் 20 வருஷத்துக்குப் பிறகு ஆரம்பிக்கலாம் என்ற அளவில்தான் சொல்கிறது. வயது, உடல்நிலை, மற்ற நோய் எல்லாம் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் புதிதாக ஏதாவது அறிகுறி வந்தால், அதாவது எடை குறைவு, பசியின்மை, வாந்தி, கறுப்பு மலம், காரணம் தெரியாத இரத்த சோகை இவற்றில் ஒன்று வந்தால், தாமதமே கூடாது.

மூன்று. எண்டோஸ்கோபி செய்தால் தையல் வாசலிலிருந்தும் மிச்ச வயிற்றிலிருந்தும் பல இடங்களில் பயாப்ஸி எடுப்பார்களா என்று கேளுங்கள். தையல் ஓரம் எப்போதும் சிவந்துதான் இருக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலும் திசு மாறியிருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் சில சமயம் எண்டோஸ்கோபி வழியாகவே உரித்து எடுத்துவிடலாம். தாமதமானால் மிச்ச வயிறு முழுவதையும் எடுக்கும் பெரிய ஆபரேஷன், அதுவும் பழைய தழும்புகளுக்கு நடுவில்.

நான்கு. புற்றைப் பற்றியே கவலைப்பட்டு, நிச்சயம் வரக்கூடியதைக் கோட்டைவிடாதீர்கள். இரும்புச்சத்தை உறிஞ்சுவது முக்கியமாக முன்சிறுகுடல், பில்ரோத் இரண்டில் உணவு அந்த வழியே போவதில்லை. உணவிலுள்ள இரும்பைப் பக்குவப்படுத்த அமிலமும் போதாது. பி12 உறிஞ்சத் தேவையான புரதத்தைச் சுரப்பது மேல்வயிற்றுச் சுரப்பிகள், அவையும் சுருங்குகின்றன. கல்லீரலில் சில வருஷத்துக்கான பி12 கையிருப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தெரியும். கால்சியம், வைட்டமின் டி குறைந்து எலும்பும் மெலியும். இவை எல்லாம் இரத்தப் பரிசோதனையிலும் எலும்பு ஸ்கேனிலும் தெரியும், மருந்து உண்டு, விலையும் அதிகமில்லை.

அப்பா

மாசி மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு வயிற்று நிபுணரிடம் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. மஞ்சள் சீட்டை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஐயா, இந்தப் பேப்பரை இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருக்கீங்களே" என்றார். அப்பா, "நான் வெக்கலைம்மா, எங்க வீட்டம்மாதான்" என்றார்.

ஹீமோகுளோபின் 7.8. இரும்பும் குறைவு, பி12-உம் குறைவு. எண்டோஸ்கோபியில் தையல் வாசல் சிவந்து, பித்தநீர் குளம் மாதிரித் தேங்கி நின்றது. எட்டு இடத்தில் பயாப்ஸி. ரிப்போர்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் எழுதிய கோடு எதுவும் சரியாக ஓடவில்லை.

ரிப்போர்ட்: பித்தநீர் சார்ந்த மாற்றம், சுரப்பி மெலிவு, இரண்டு துண்டில் குடல் உருமாற்றம். டிஸ்பிளேசியா இல்லை. புற்று இல்லை.

படிக்கட்டில் மூன்றாவது படியில் நிற்கிறார் அப்பா. அதற்கு மேல் ஏறுவாரா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் மாட்டார். இரும்பு ஊசி போட்டார்கள், பி12 ஊசி மாதம் ஒன்று. உடல்நிலை பார்த்து, ஒரு வருஷம் கழித்து மறுபடி எண்டோஸ்கோபி செய்யலாமா என்று பேசுவோம் என்றிருக்கிறார் டாக்டரம்மா. அப்பாவிடமும் கேட்டார். "அந்தக் குழாயை முழுங்குறதுதான் சிரமம். ஆனா பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

1984-இல் அந்த ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் அப்பா அன்றைக்கே ரத்த வாந்தியில் போயிருப்பார் என்று அம்மா சொல்வார். எனக்கு அந்த டாக்டர் மேல் ஒரு குறையும் இல்லை. அவர் கொடுத்தது நாற்பது வருஷம். இந்த மூன்று மாதத்தில் நான் புரிந்துகொண்டது, அந்த நாற்பது வருஷத்துக்கு ஒரு மெயின்டனன்ஸ் உண்டு, அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை என்பதுதான்.

இரண்டு மாதம் ஆயிற்று. போன வாரம் அப்பா மாடிக்கு ஏறி வந்து தண்ணீர்த் தொட்டியைத் தானே பார்த்தாராம். மஞ்சள் சீட்டை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் பேக்கப் வைத்திருக்கிறேன். அசல் மட்டும் அதே துணிப்பையில், அம்மாவிடம்.